ஃபைட்டர் மீன் சுணங்கினால்

மார்கழி பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டு ஃபைட்டர் தொட்டியின் அடியிலேயே கிடக்கிறான். கண்ணாடியில் விரல் வைத்தால் செவுளை விரித்துக்கொண்டு சண்டைக்கு வருகிறவன், இப்போது திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மனசு கேட்கவில்லை.

நோய் என்று நினைத்து மருந்து ஊற்றுவதற்கு முன் தண்ணீரின் சூட்டைப் பாருங்கள். தாய்லாந்தின் வயல்களிலும் சதுப்பு நிலங்களிலும் வாழும் இனம் இது. 25 முதல் 28 டிகிரி வேண்டும். கோவையில் விடியற்காலையில் எங்கள் தொட்டி 21-க்கு இறங்கிவிடுகிறது. தண்ணீர் குளிர்ந்தால் மீனின் உடம்பே மந்தமாகிவிடும், செரிமானமும் சேர்த்துத்தான். அதனால் தீனியைக் குறைத்துவிட்டு சின்ன ஹீட்டர் போட்டிருக்கிறேன். சூட்டை மெல்ல மெல்லத்தான் ஏற்ற வேண்டும்.

சூடு சரியாக இருந்தும் சுணங்கினால் தண்ணீரில் அம்மோனியாவை, அதாவது மீன் கழிவிலிருந்து சேரும் நச்சை, சோதியுங்கள். சின்னக் குடுவையில் அது சீக்கிரம் ஏறும். அப்புறம், மேலே வந்து காற்றுக் குடிப்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள், ஃபைட்டருக்கு அது இயல்பு.