சித்தப்பா கடை விளக்குகளும் செலவில்லாத பட மென்பொருளும்

நாச்சியார்கோயிலில் சித்தப்பாவுக்கு ஒரு சின்ன விளக்குக் கடை. பொழுதுபோக்காக வெப் டிசைன் பழகிக்கொண்டிருந்த நான், பொங்கலுக்குப் போனபோது ‘உங்க கடைக்கு ஒரு வெப்சைட் செஞ்சு தரேன் சித்தப்பா’ என்று வாயைக் கொடுத்துவிட்டேன். பக்கங்களை எழுதி முடிக்க இரண்டு ஞாயிறு போதுமாக இருந்தது. படங்கள்தான் இரண்டு மாதத்தைத் தின்றன, இன்னும் முடிந்தபாடில்லை.

பட்ஜெட் எவ்வளவு என்று கேட்டேன். ‘காபி வாங்கித் தரேன்’ என்றார். என் லேப்டாப்போ எட்டு ஜிபி ரேம் உள்ள பழசு, ஓடுவது லினக்ஸ் வகையான உபுண்டு. போட்டோஷாப்பின் புதிய பதிப்புகள் 2013 முதல் சந்தாவில்தான் கிடைக்கின்றன. 23 விளக்குகளுக்காக மாதாமாதம் பணம் கட்ட மனம் வரவில்லை, கட்டினாலும் லினக்ஸில் ஓடாது. அஃபினிட்டி என்ற பட மென்பொருளை 2024இல் கேன்வா வாங்கியது, அடுத்த ஆண்டே இலவசமாகவும் ஆக்கிவிட்டது. ஆனால் அதற்கு விண்டோஸோ மேக்கோ வேண்டும். பெயிண்ட் டாட் நெட் எளிமையானது, அதுவும் விண்டோஸுக்கு மட்டும்தான். ஆக, நான் தேர்ந்தெடுத்ததைவிட என் லேப்டாப் தேர்ந்தெடுத்ததுதான் அதிகம். மிஞ்சியவை படம் திருத்தும் கிம்ப், லோகோ போன்றவற்றை வரையும் இன்க்ஸ்கேப், பிரவுசரிலேயே ஓடும் போட்டோபீ.

முதல் வாரம் போட்டோபீ. இவான் குட்ஸ்கிர் என்ற ஒருவர் பெரும்பாலும் தனியாளாக எழுதியது என்று படித்தபோது நம்பவே முடியவில்லை. ஓரத்தில் விளம்பரம் வரும், அவ்வளவுதான். நம் படம் எந்த சர்வருக்கும் போவதில்லை, நம் கணினியிலேயே வேலை நடக்கிறது. சித்தப்பாவிடம் பழைய பேனர் ஒன்றின் பிஎஸ்டி கோப்பு, அதாவது போட்டோஷாப் கோப்பு, இருந்தது, அதை முதலில் திறந்து பார்த்தேன். லேயர்கள், அதாவது ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய படத் துண்டுகள், அப்படியே வந்தன. எழுத்து மட்டும் வரவில்லை. பேனர் செய்தவர் இப்போது எங்கும் பொதுவான யுனிகோடு முறைக்கு முந்தைய எழுத்துருவில் அடித்திருக்கிறார். அந்த எழுத்துரு என்னிடம் இல்லாததால் கடைப்பெயர் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஏதோ கிடந்தது. இதில் மென்பொருளின் மேல் குற்றமில்லை, டிடிபி கடைப் பக்கம் போனவர்களுக்குப் பழகிய வியாதிதான். பேனரிலிருந்து கோலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை மூடிவிட்டேன்.

இரண்டாவது வாரம் கிம்ப். 1995இல் பெர்க்லியில் இரண்டு மாணவர்கள் தொடங்கியது. 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பைப் போட்டுக்கொண்டேன். முதல் நாளே ஓர் அடி. மூன்று மணி நேரம் ஒரு விளக்கைச் செதுக்கி, ஜேபிஜியாக ஏற்றுமதி செய்தேன். மூடும்போது ‘சேமிக்கவில்லையே’ என்று கேட்டது. அதான் எடுத்துவிட்டோமே என்று ‘வேண்டாம்’ கொடுத்தேன். கிம்பில் சேமிப்பது வேறு, ஏற்றுமதி வேறு. லேயர்கள் எல்லாம் கிம்பின் சொந்த வகையான எக்ஸ்சிஎஃப் கோப்பில்தான் இருக்கும், அதைத்தான் நான் தூக்கிப் போட்டிருந்தேன். கையில் மிஞ்சியது பின்னணி வெள்ளையாக ஒட்டிப்போன ஒரு ஜேபிஜி.

விளக்கைப் பின்னணியிலிருந்து வெட்டுவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாச்சியார்கோயில் குத்துவிளக்கின் உச்சியில் அன்னம் இருக்கும். அதன் கழுத்து வளைவுதான் என் ஆசான். பின்னணியைத் தானாக நீக்கித் தரும் ஒரு தளத்தில் முதலில் போட்டுப் பார்த்தேன். தண்டு நன்றாக வந்தது. அன்னத்தின் அலகும், எண்ணெய் ஊற்றும் தகழியின் ஒரு முகமும் காணாமல் போயிருந்தன. பித்தளையில் சுவர் பிரதிபலித்த இடங்களை அது சுவர் என்றே முடிவு கட்டிவிட்டது. சரி, கையால்தான் என்று புள்ளி புள்ளியாக வைத்துக் கோடு வரையும் கிம்பின் பாதைக் கருவியை எடுத்தேன். ஆர்வத்தில் கழுத்தைச் சுற்றி அறுபதுக்கும் மேல் புள்ளி வைத்தேன். பெரிதாக்கிப் பார்த்தால் அன்னத்துக்கு அம்மை போட்டது போல மேடுபள்ளம். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, வளைவு திசை மாறும் இடங்களில் மட்டும் புள்ளி வைத்து, புள்ளிகளின் கைப்பிடிகளை இழுத்துக் கோட்டை வளைத்தேன். ஒன்பது புள்ளிகளில் கழுத்து முடிந்தது. அப்புறம் பாதையைத் தேர்வாக மாற்றி, தேர்வை ஒரு பிக்சல் உள்ளே சுருக்கி, ஓரத்தைத் துளி மென்மையாக்கி, வேண்டாத பகுதியை அழிக்காமல் மறைத்து மட்டும் வைக்கும் லேயர் மாஸ்க் போட்டேன். அந்த ஒரு பிக்சலை விட்டால் தளத்தின் கருஞ்சிவப்புப் பின்னணியில் விளக்கைச் சுற்றி வெள்ளைக் கோடு தெரியும். அழிப்பானால் அழிக்காமல் மாஸ்க் போடுவது ஏனென்றால், அலகை அதிகம் வெட்டிவிட்டோமென்று மறுநாள் தெரிந்தால் வெள்ளைத் தூரிகையால் திரும்பக் கொண்டுவந்துவிடலாம். கீழே நிழலுக்கு ஒரு கரிய நீள்வட்டம், அதன் மேல் மங்கலாக்கும் ஃபில்டர். 3.0இல் அந்த ஃபில்டர் லேயரோடு ஒட்டியே இருப்பதால் எப்போது வேண்டுமானாலும் அளவை மாற்றலாம். இந்த ஒரு வசதிக்காகவே பழைய பதிப்பில் இருப்பவர்கள் மாறலாம் என்பேன்.

மென்பொருளால் தீராத ஒன்றும் உண்டு. தகழிக்குக் கீழே ஒரு சிவப்புத் தீற்றல், என்ன செய்தும் போகவில்லை. பக்கத்துப் பரப்பை நகலெடுத்துக் கறையை மூடும் குளோன் கருவி, ஹீல் கருவி எல்லாம் வைத்து ஒரு மாலை முழுக்கத் தேய்த்தேன், பித்தளை மாவு பூசியது போல ஆனது. கடைசியில் பார்த்தால் அது என் டி-ஷர்ட். படம் எடுத்தவனே விளக்கில் தெரிகிறான்! சித்தப்பாவின் வெள்ளை வேட்டியை விளக்குக்கும் எனக்கும் நடுவில் கொடியில் தொங்கவிட்டு, நடுவே லென்ஸ் அளவுக்கு இடைவெளி விட்டு எடுத்தேன். பத்து நிமிட வேலை.

மூன்று விளக்குகளைத் தளத்தில் ஏற்றிச் சித்தப்பாவிடம் காட்டினேன். ‘ஏண்டா, இது பித்தளை மாதிரியா இருக்கு? கழுவாத தகரம் மாதிரில்ல இருக்கு’ என்றார். அவர் சொன்னது சரிதான். அந்தப் படங்களைத் தங்கையின் ஐபோனில் எடுத்திருந்தேன். அது டிஸ்ப்ளே பி3 என்ற, அதிக வண்ணங்கள் அடங்கும் அகலமான வண்ண வெளியில் சேமிக்கிறது. திறக்கும்போது, இணையத்தில் வழக்கமான வண்ண வெளியான எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றட்டுமா என்று கிம்ப் கேட்டது, நான் ‘அப்படியே இருக்கட்டும்’ என்றேன். ஏற்றுமதியில் வண்ணக் குறிப்பைச் சேமிக்கும் டிக்கையும் எடுத்துவிட்டேன். குறிப்பு இல்லாத படத்தை பிரவுசர் எஸ்ஆர்ஜிபி என்றே எடுத்துக்கொள்ளும், மஞ்சள் வெளுத்துவிடும். இப்போது திறந்ததும் முதல் வேலை மாற்றுவதுதான். பித்தளை திரும்பப் பித்தளையானது.

அளவு விஷயம் சீக்கிரம் முடிந்தது. போனில் எடுத்த படம் 4000க்கு 3000 பிக்சல். தளத்தில் விளக்கு நிற்கும் இடம் 400 பிக்சல் அகலம், பிக்சல்கள் நெருக்கமான போன் திரைகளுக்காக இரட்டிப்பாக 800 வைத்துக்கொண்டேன். பின்னணி இல்லாத படத்துக்கு ஜேபிஜி ஆகாது, பிஎன்ஜியோ ஒரு எம்பியைத் தொட்டது. பிரவுசரில் ஓடும் ஸ்கூஷ் என்ற படச் சுருக்கியில் போட்டு வெப்பி (WebP) வகைக் கோப்பாக மாற்றினேன், தரம் 80இல் 90 கேபி. நடுக்கோட்டை இடமும் வலமும் இழுத்து இரண்டையும் ஒப்பிடலாம். 60க்குக் கீழே போனால் தண்டிலுள்ள வரிவேலைப்பாடு குழைந்துவிடுகிறது.

கடைப்பெயருக்கு இன்க்ஸ்கேப். பலகை வாசகங்களைப் படத்துக்குள் எழுதுவதை முதலிலேயே கைவிட்டேன். பக்கத்தில் எழுத்தாகவே இருந்தால் தேடலிலும் கிடைக்கும், எடையும் குறையும். லோகோ மட்டும், எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத எஸ்விஜி. முக்த மலர் எழுத்துருவில் அடித்து, யார் கணினியிலும் ஒரே மாதிரி தெரிய வேண்டுமென்று பாதையாக மாற்றினேன். பாதையான பின் அது எழுத்தில்லை, வெறும் உருவம். இரண்டு நாள் கழித்து சித்தி போனில் பார்த்துவிட்டு, ‘நாச்சியர்கோயில்னு இருக்கே, ஒரு காலைக் காணோமே’ என்றார். எழுத்தாக இருந்த மூலக் கோப்பை நான் வைத்திருக்கவில்லை. முதலிலிருந்து அடித்தேன். இப்போது ஒவ்வொரு லோகோவுக்கும் இரண்டு கோப்பு வைத்திருக்கிறேன்.

இன்றைய கணக்கு: 23இல் 14 விளக்குகள் ஏறிவிட்டன. காபி இதுவரை இரண்டு. மிச்சமுள்ள ஒன்பதில் நான்கு தூக்கு விளக்குகள், ஒவ்வொன்றிலும் சங்கிலி. ஒரு சங்கிலியில் 31 வளையம், ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் சுவர் தெரிகிறது. நேற்று ராத்திரி ஏழாவது வளையத்தோடு எக்ஸ்சிஎஃப்பாகச் சேமித்துவிட்டுப் படுத்தேன்.