வாரண்டிக்குப் போன மூன்று கருவிகள்: ஸ்பேனர், ராட்செட், கட்டிங் பிளேயர்

பட்டறையில் ஒரே மாதத்தில் மூன்று கருவிகள் படுத்துவிட்டன. 16-17 ரிங் ஸ்பேனரில் 17 பக்கத்து வளையம் விரிசல் விட்டது. அரை இன்ச் ராட்செட் (நட்டைக் கவ்வும் சாக்கெட்டை மாட்டி ஒரு திசையில் மட்டும் திருப்பும் கைப்பிடி) இழுக்கும்போது வழுக்கியது. கட்டிங் பிளேயரின் வெட்டுவாயில் பள்ளம் விழுந்தது. மூன்றும் ஒரே கம்பெனி, மூன்றின் அட்டையிலும் ‘லைஃப்டைம் வாரண்டி’ என்று கொட்டை எழுத்து. கடைசியில் ஸ்பேனருக்குப் புதிது கிடைத்தது, ராட்செட்டுக்கு உள்பாகங்கள் மட்டும் வந்தன, பிளேயர் போன வேகத்தில் திரும்பி வந்தது. எல்லாம் முடிய 41 நாள் ஆனது. எது ஏன் அப்படி முடிந்தது என்பதைத்தான் எழுதுகிறேன்.

லைஃப்டைம் என்றால் யாருடைய ஆயுள் என்று கேட்காமல் யாரும் வாங்கக் கூடாது. அமெரிக்காவில் சியர்ஸ் கடைகள் கிராஃப்ட்ஸ்மேன் ஸ்பேனர்களை பில் கூடக் கேட்காமல் மாற்றிக் கொடுத்துப் பேர் வாங்கின. அந்தப் பிராண்டு 2017-இல் ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கர் கைக்குப் போனது. அப்படி மாற்றித் தரும் யூடியூப் வீடியோக்களைப் பார்த்துவிட்டு நம் ஊர்க் கடையில் போய் உடைந்த ஸ்பேனரை நீட்டினால் கடைக்காரர் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார். இங்கே அட்டையின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தால் பெரும்பாலும் இவ்வளவுதான் இருக்கும்: தயாரிப்பிலோ இரும்பிலோ குறை இருந்தால் மாற்றித் தருவோம், தேய்மானம், தவறான பயன்பாடு இரண்டும் சேராது. ஆயுள் என்பது கருவியின் பயன்பாட்டு ஆயுள், நம்முடையது அல்ல. வெட்டும் முனைகள், அளவு டேப், ஹேக்சா பிளேடு, பிட் போன்றவை இதில் வராது. டார்க் ரிஞ்சும் (குறித்த அளவுக்கு மட்டும் இறுக்கும் கருவி) பொதுவாக வெளியேதான். அதற்கு 12 மாதத்துக்கு ஒருமுறை அல்லது 5,000 தடவை இழுத்த பிறகு காலிபரேஷன் பார்க்க வேண்டும் என்பது ஐ.எஸ்.ஓ. 6789 சொல்லும் கணக்கு.

கருவி உடைந்ததும் முதல் வேலை, அதில் கை வைக்காமல் இருப்பது. உடைந்த இடத்தை அரத்தால் தேய்த்துப் பார்ப்பது, விரிசலில் வெல்டிங் பற்ற வைத்து இரண்டு நாள் ஓட்டுவது, ராட்செட் தலையைக் கழற்றி ஸ்பிரிங்கைத் தொலைப்பது எல்லாம் நம் பட்டறைகளில் சகஜம். அத்தனையும் வாரண்டியைக் கொன்றுவிடும். இன்னொன்றும் உண்டு. கருவி திருட்டுப் போகாமல் இருக்க வெல்டிங்கில் ஒரு பொட்டு வைத்து அடையாளம் போடுகிறோம். அந்தச் சூட்டில் அந்த இடத்து டெம்பர், அதாவது இரும்புக்கு ஏற்றிய கடினம், இறங்கிவிடும், பக்கத்தில் நீலம் பாய்ந்த நிறமும் நிற்கும். கம்பெனி ஆள் முதலில் தேடுவதே அந்த நிறத்தைத்தான். அடையாளத்துக்குப் பெயிண்ட் போதும்.

உடைந்த முகம் நிறையப் பேசும். எங்கள் ஸ்பேனருக்காக நடந்த வாதம் முழுக்க அதைச் சுற்றித்தான். அளவுக்கு மீறி இழுத்து உடைந்த ஸ்பேனர் முறியும் முன் கொஞ்சமாவது உருமாறும்: வளையம் முட்டை வடிவத்துக்கு இழுபடும், உள்ளே இருக்கும் 12 மூலைகள் மழுங்கும், திறந்த வாய் ஸ்பேனர் என்றால் வாய் அகலும். எங்கள் வளையம் வட்டமாகவே இருந்தது, மூலைகள் கூராகவே இருந்தன. கைபேசியை விரிசலோடு ஒட்டிப் படம் எடுத்தபோது உள்சுவரின் பாதி பளிச்சென்றும் பாதி கறுப்பாகவும் தெரிந்தது. பளிச்சென்ற பாதி அன்று உடைந்தது, கறுத்த பாதி ஏற்கனவே திறந்திருந்தது. ஏற்கனவே திறந்திருந்த பாதியிலும் இரண்டு வகை உண்டு. செம்பழுப்புத் துரு என்றால் வாங்கிய பிறகு விரிசல் விட்டு ஈரம் புகுந்திருக்கலாம், அதை வைத்துப் பெரிதாக வாதாட முடியாது. ஆனால் சூளையிலிருந்து வந்த கருஞ்செதிலோ குரோம் முலாமோ விரிசலுக்குள்ளேயே படிந்திருந்தால், முலாம் பூசுவதற்கு முன்பே, தொழிற்சாலையிலேயே அது பிளந்திருக்கிறது. அடித்து உருவாக்கும்போது மடிந்த இரும்பும், சூடேற்றி எண்ணெயில் முக்கும்போது விடும் விரிசலும் இப்படித்தான் தெரியும். எங்கள் ஸ்பேனரில் விரிசலுக்குள் முலாமின் வெள்ளைக்கோடு மெல்லிதாக ஓடியிருந்தது.

கைப்பிடியில் பைப் சொருகி இழுத்த அடையாளத்தை ஒவ்வொரு கம்பெனியும் தேடுவதற்குக் காரணம் இருக்கிறது. அரை இன்ச் டிரைவ் (சாக்கெட் மாட்டும் சதுர முனை) கைப்பிடிகளுக்கான ஐ.எஸ்.ஓ. சோதனை அளவு 512 நியூட்டன் மீட்டர், அது திருகும் விசையின் அளவு. 70 கிலோ ஆள் தன் எடை முழுவதையும் கால் மீட்டர் கைப்பிடியில் போட்டுத் தொங்கினாலும் 175-க்குப் பக்கம்தான் வரும். அதே ஆள் ஒரு மீட்டர் ஜி.ஐ. பைப்பைச் சொருகித் தொங்கினால் 700-க்குப் போய்விடும். உள்ளே இருக்கும் பல்லும் அதில் விழுந்து பிடிக்கும் கொக்கியும் அதைத் தாங்கச் செய்யப்பட்டவை அல்ல. பைப் சொருகிய கைப்பிடியில் சுற்றிலும் வளையமாகக் கீறல் விழும், அதை மறைக்க முடியாது. பிடிவாதமான நட்டுக்கு ராட்செட் வேண்டாம், தலையில் பல் இல்லாத நீளமான பிரேக்கர் பாரை எடுங்கள். பளபளப்பான குரோம் சாக்கெட்டை இம்பாக்ட் கன்னில் (அடித்து அடித்துத் திருகும் இயந்திரம்) மாட்டி உடைத்துவிட்டு வாரண்டி கேட்பதும் வீண். அதற்குக் கறுப்பு இம்பாக்ட் சாக்கெட் தனியாக இருக்கிறது.

ராட்செட் வழுக்கினால் உடனே குறை என்று முடிவு கட்டக் கூடாது. பாதி நேரம் உள்ளே கிரீஸ் கெட்டியாகிக் கொக்கி பல்லில் விழாமல் மிதக்கும். தலையைத் திறக்காமலே பார்க்கலாம். சதுர முனையின் ஓரத்திலும் திசை மாற்றும் நெம்புகோலின் ஓரத்திலும் மண்ணெண்ணெய் விட்டு, நெம்புகோலை ஒரு 20 தடவை இப்படியும் அப்படியும் மாற்றி, கவிழ்த்து வடியவிட்டு, மெல்லிய எண்ணெய் இரண்டு சொட்டு விடுங்கள். பிறகு வைஸில் ஒரு போல்ட்டைக் கவ்வி, சாக்கெட் மாட்டி, நிதானமான அழுத்தத்தில் இழுங்கள். சதுரத்தின் ஒரு முகத்தில் சாக்பீஸ் கோடு போட்டுக்கொண்டால் எந்த இடத்தில் வழுக்குகிறது என்று தெரியும். 72 பல் ராட்செட்டில் ஒரு பல்லுக்கு 5 டிகிரி. சுற்றில் ஒரே இடத்தில் மட்டும் வழுக்கினால் அங்கே பல் போயிருக்கிறது. எங்கு இழுத்தாலும் வழுக்கினால் கொக்கியோ ஸ்பிரிங்கோ. ஒரு திசையில் மட்டும் என்றால் கொக்கியின் அந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது. எங்களுடையது ஒரே இடத்தில் வழுக்கியது. அதை 20 விநாடி வீடியோ எடுத்து வைத்தோம். மடலில் ஒரு பக்கம் எழுதுவதைவிட அது வேலை செய்தது.

பிளேயர் விஷயத்தில் கம்பெனி சொன்னதுதான் நியாயம். வெட்டுவாயில் அரைவட்டப் பள்ளம், சரியாக ஒரு கம்பியின் தடிமனுக்கு. ஸ்பிரிங் கம்பியை யாரோ வெட்டியிருக்கிறார்கள். யார் என்று பட்டறையில் இன்றுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. வாய் பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தால் டெம்பர் அதிகம் என்று வாதாடலாம், கம்பி வடிவத்தில் பள்ளம் என்றால் வாதமே கிடையாது. அதை அனுப்பியிருக்கவே கூடாது. ஒரு பார்சலில் ஒரு பொய் வழக்கு இருந்தால் மற்ற இரண்டையும் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள்.

பில்லில் ‘ஹார்டுவேர் ஐட்டம்ஸ் 1 செட்’ என்று போட்டுக் கொடுத்தால் அது வாரண்டிக்குச் செல்லாக் காசு. கருவியின் பெயர், மாடல் நம்பர், தேதி மூன்றும் இருக்கச் சொல்லி வாங்குங்கள். தெர்மல் தாள் பில் சில மாதத்தில் வெளுத்துவிடும், வாங்கிய அன்றே படம் எடுத்து வையுங்கள். அட்டையையும் தூக்கி எறிய வேண்டாம். 2011-ஆம் ஆண்டு பொட்டலப் பொருள் விதிகளின்படி தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் முகவரி, மாதம், வருடம், எம்.ஆர்.பி., புகாருக்கான தொலைபேசி, மின்னஞ்சல் எல்லாம் அதில் இருந்தாக வேண்டும். இது எதுவுமே இல்லாத அட்டை என்றால் சரக்கே போலியாக இருக்கலாம். கைக்கருவியில் டூப்ளிகேட் நிறைய ஓடுகிறது, போலிக்கு எந்தக் கம்பெனியும் பொறுப்பேற்காது. ஆன்லைனில் வாங்கினால் பில்லில் இருக்கும் விற்பனையாளர் பெயரைப் பாருங்கள். தளத்தின் பெயர் வேறு, விற்றவர் வேறு.

முதலில் கடைதான். பாரிமுனையானாலும் உங்கள் ஊர் பஜாரானாலும், ஏஜென்சி வைத்திருக்கும் கடைக்கு டிஸ்ட்ரிபியூட்டரின் சேல்ஸ்மேன் வந்து போவார். கடைக்காரர் மனது வைத்தால் உடைந்த சரக்கை அவரிடம் கொடுத்து, தன் கணக்கில் கிரெடிட் நோட் போட்டுக்கொண்டு, நமக்குப் புதிதை அங்கேயே எடுத்துத் தந்துவிடுவார். விலை குறைந்த ஸ்பேனர்களுக்கு இதுதான் உருப்படியான வழி, கூரியர் செலவே கருவி விலையைத் தொட்டுவிடும். எங்கள் கடைக்காரர் “கம்பெனிக்கே போட்ருங்கண்ணே, எங்கிட்ட வாங்க மாட்டான்” என்று கைவிரித்துவிட்டார்.

வாடிக்கையாளர் சேவை எண்ணில் பேசியதில் கிடைத்தது ஒரு புகார் எண் மட்டும். அது வேண்டும், அதற்காகத்தான் அழைக்க வேண்டும். மற்றதெல்லாம் மின்னஞ்சலில். ஒரு கருவிக்கு ஒரு மடல். தலைப்பில் புகார் எண், மாடல் நம்பர். உள்ளே வாங்கிய தேதி, கடை, என்ன வேலை செய்யும்போது நடந்தது என்று நான்கு வரி. ‘சரக்கு மட்டம்’ போன்ற வார்த்தைகளால் ஒரு பைசா பயனில்லை. படங்கள் ஐந்து: முழுக்கருவி, அதில் அடித்திருக்கும் பெயரும் குறியீடும், உடைந்த இடம் நேராக, உடைந்த இடம் பக்கவாட்டில், பில். பளபளப்பில் வெளிச்சம் தெறித்து விரிசல் மறையும் என்பதால் வெயிலில் எடுக்காமல் நிழலில் எடுங்கள். பக்கத்தில் ஸ்கேல் வையுங்கள்.

அனுப்பச் சொன்ன பிறகே அனுப்ப வேண்டும். போகும் செலவு யாருடையது என்பதையும் மடலிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்குப் போவது எங்கள் செலவு, வருவது அவர்கள் செலவு. கருவியைத் துடைத்து, செய்தித்தாளில் சுற்றி, அசையாதபடி அட்டைப்பெட்டியில் வைத்தோம். வெறும் பையில் போட்டால் இரும்பு கிழித்துக்கொண்டு வெளியே வரும். உள்ளே பில் நகலும் முகவரி, புகார் எண் எழுதிய தாளும். ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர்கள் ‘விற்பனைக்கு அல்ல, பழுது பார்க்க’ என்று எழுதி டெலிவரி சலான் வைத்தால் கூரியரில் கேள்வி வராது. பெட்டியை ஒட்டும் முன் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு படம்.

ஸ்பேனருக்கு 11 நாள் கழித்து வந்த பதில் ஒரே வரி: அதிகச் சுமை, வாரண்டி இல்லை. இங்கேதான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். நாங்கள் மூன்று விஷயம் எழுதினோம். வளையம் உருமாறவில்லை, மூலைகள் மழுங்கவில்லை என்பது ஒன்று. விரிசலுக்குள் முலாம் இருக்கிறது என்பது இரண்டு. மூன்றாவது கணக்கு. 17 வளையம் பிடிப்பது 10 எம்எம் போல்ட், 8.8 கிரேடு (போல்ட்டின் வலிமைத் தரம்) என்றால் இறுக்கும் அளவே 50 நியூட்டன் மீட்டருக்குப் பக்கம்தான். சரியான ஸ்பேனராக இருந்தால் முதலில் முறிய வேண்டியது போல்ட். ‘உங்கள் ஆய்வு அறிக்கையை அனுப்புங்கள், கருவியைத் திருப்பித் தாருங்கள்’ என்றும் சேர்த்துக் கேட்டோம். கருவியைத் திருப்பிக் கேட்பது முக்கியம். அது அவர்களிடமே தங்கிவிட்டால் நம் கையில் ஆதாரம் இல்லை. நான்காம் நாள் ‘நல்லெண்ண அடிப்படையில்’ மாற்றித் தருவதாகப் பதில் வந்தது. குறையை ஒப்புக்கொள்ளாமல் மாற்றிக் கொடுப்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் அது. ஸ்பேனர் வந்தால் போதும்.

அப்படியும் மசியவில்லை என்றால் 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம் இருக்கிறது, தமிழிலும் பேசலாம். அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், கம்பெனி இருக்கும் ஊருக்குப் போக வேண்டாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை, பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பட்டறைக்காரர்களை ‘வணிக நோக்கம், நீ நுகர்வோரே இல்லை’ என்று மடக்கப் பார்ப்பார்கள். சொந்த உழைப்பில் பிழைப்புக்காக வாங்கிய கருவி என்றால் அந்த வாதம் நிற்காது, சட்டத்தின் விளக்கத்திலேயே அது இருக்கிறது. ஒரு ஸ்பேனருக்கு அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்பது வேறு கேள்வி. 1915-இல் பதிவான புகார் எண்ணை மடலில் சேர்த்தாலே பல இடங்களில் பதிலின் தொனி மாறும்.

ராட்செட்டுக்கு வந்த கிட்டில் பல்சக்கரம், கொக்கி, இரண்டு ஸ்பிரிங், ஒரு குண்டு, மூடித் தகட்டுக்கு இரண்டு ஸ்க்ரூ இருந்தன. பிரிக்கும்போது ஸ்பிரிங்கும் குண்டும் தெறித்து ஓடும் என்பதால், தலையை ஒரு கண்ணாடிப் பாலிதீன் பைக்குள் விட்டு, பைக்குள்ளேயே கழற்ற வேண்டும். பழைய பாகம் ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று படம் எடுத்துக்கொண்டு பிறகு வெளியே எடுங்கள். கொக்கி திருப்பி உட்கார்ந்தால் நெம்புகோலில் எழுதியிருக்கும் திசைக்கு எதிராக இழுக்கும். வீல் பேரிங் கிரீஸை உள்ளே அப்ப வேண்டாம், மறுபடி கொக்கி மிதக்கும். மெல்லிய கிரீஸ் விரல் நுனியளவு பல்லில் தடவினால் போதும். மூடும் முன் சதுர முனையைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றி, கிளிக் சத்தம் இடையில் எங்கும் விடாமல் கேட்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஸ்க்ரூவை இறுக்கினோம்.