பெங்களூரு ப்ரூபப்புக்கு டேங்க் வாங்கிய கதை

ஒரு சின்ன ப்ரூபப்புக்கு, அதாவது தானே பீர் காய்ச்சி விற்கும் பாருக்கு, கருவிகள் தேர்வு செய்யும் வேலை என்னிடம் வந்தபோது முதலாளி கேட்ட முதல் கேள்வி, "செம்பு கலர்ல வருமா?" என்பதுதான். கண்ணாடிக்குப் பின்னால் வாடிக்கையாளருக்குத் தெரிவது மேஷ் டன்னும் (தானியத்தைச் சுடுதண்ணீரில் ஊறவைக்கும் பாத்திரம்) கெட்டிலும் (அதில் வடித்த சாற்றைக் கொதிக்கவைக்கும் பாத்திரம்). காசெல்லாம் அங்கேதான் போகப் பார்க்கும். ஆனால் அவற்றின் வேலை ஒரு பகலில் முடிந்துவிடும். அந்தச் சாறு, அதாவது வோர்ட், நொதித்துப் பக்குவமாகக் கோதுமை பீருக்கே ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். குளிரில் மெதுவாக நொதிக்கும் லாகர் பீர் என்றால் நான்கிலிருந்து ஆறு வாரம் டேங்கை விடாது.

அதனால் 1000 லிட்டர் மேஷ் டன், கெட்டில் செட்டை விற்க வந்தவரிடம், 500 லிட்டர் போதும் என்று சொல்லிவிட்டேன். மிச்சமான பணத்தில் நொதிக்கவைக்கும் டேங்கான ஃபெர்மென்டர் 500 லிட்டரில் நான்கு, 1000 லிட்டரில் இரண்டு. வேகமாகத் தீரும் கோதுமை பீரை இரண்டு முறை காய்ச்சிப் பெரிய டேங்கை நிரப்பிக்கொள்ளலாம். கொட்டேஷனில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நுரை எழும்ப மேலே கால் பங்கு இடமாவது வேண்டும். சிலர் அந்த இடத்தையும் சேர்த்துத்தான் 'கொள்ளளவு' என்று போடுகிறார்கள்.

சூடாக்க 18 கிலோவாட் கரண்ட் ஹீட்டர் போதும் என்றார் ஒருவர். கணக்குப் போட்டேன். 500 லிட்டர் பீருக்குக் கெட்டிலில் ஏற்றும் 600 லிட்டர் வோர்ட்டை 67 டிகிரியிலிருந்து 97க்குக் கொண்டுபோக ஏறத்தாழ 21 யூனிட் வேண்டும். (பெங்களூரு உயரத்துக்கு 97லேயே கொதித்துவிடும்.) அதாவது கொதி வரவே ஒரு மணி நேரத்துக்கு மேல், அதுவும் கிச்சனும் ஏசியும் அதே லைனில் ஓடும்போது. சின்ன ஸ்டீம் பாய்லருக்கு மாறினோம்.

அதிகம் மண்டையை உடைத்துக்கொண்டது குளிர்விப்பதில்தான். வெளிநாட்டு வரைபடங்களில் குழாய்த் தண்ணீர் 12 டிகிரி. நம் மொட்டை மாடித் தொட்டியில் 25. அதை வைத்து வோர்ட்டை 28, 30க்குக் கீழே இறக்க முடியாது. கோதுமை பீர் ஈஸ்ட்டுக்கோ 18, 20 வேண்டும். ஆகவே வோர்ட்டைக் குளிர்விக்கும் பிளேட் சில்லரில் (தகடுகளுக்கு நடுவே ஒரு பக்கம் வோர்ட், மறுபக்கம் குளிர்ந்த திரவம் ஓடும்) இரண்டு கட்டம்: முதலில் தண்ணீர், அப்புறம் பூஜ்யத்துக்குக் கீழேயும் உறையாத கிளைக்கால் கலவை. 500 லிட்டரை 30லிருந்து 18க்கு முக்கால் மணி நேரத்தில் இறக்க, ஒன்பது கிலோவாட்டுக்கு மேல் குளிர்ச்சி தேவை. டேங்குகளுக்கு மட்டும் கணக்குப் போட்டு வாங்கிய, கிளைக்காலைக் குளிர்விக்கும் சில்லர் மெஷின் அங்கே திணறிவிடும். கேட்லாக்கில் பெரிதாக இருக்கும் எண் பெரும்பாலும் 7 டிகிரி தண்ணீருக்கானது. கிளைக்காலுக்கு மைனஸ் 3ல் எவ்வளவு தரும் என்று எழுதி வாங்கினேன்.

கோதுமைக்கு உமி கிடையாது, வடிகட்டும்போது அடைத்துக்கொள்ளும். அகலமான லாட்டர் தட்டு (வோர்ட்டை வடிக்கும் சல்லடைத் தட்டு) கேட்டேன். நெல் உமி கலந்தால் மீதி சரியாகிவிடும்.

பணம் கட்டுமுன் பட்டறைக்குப் போய் டேங்குக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். உடம்பும் கூம்பும் சேரும் வெல்டிங்கில் நகத்தை ஓட்டினால் ஓரிடத்தில் மாட்டியது. கிருமி தங்க அது போதும். வெல்டர் அண்ணன் முகம் சுளிக்காமல் தேய்த்துக் கொடுத்தார். அப்புறம் பி2 வைட்டமின் மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து உள்ளே முழுக்கத் தெளித்து, ஸ்ப்ரே பாலை (தண்ணீரைப் பீய்ச்சி டேங்கின் உட்புறத்தைக் கழுவும் உருண்டை) ஓடவிட்டு, கள்ள நோட்டு பார்க்கும் புற ஊதா டார்ச்சை அடித்தோம். கழுவாத இடம் மஞ்சள் பச்சையாக மின்னும். தெர்மாமீட்டர் குழாயின் மறைவில் நன்றாகவே மின்னியது. "இவ்ளோ நாள் இப்படித்தான் சார் கொடுத்திட்டிருந்தோம்" என்றார் பட்டறைக்காரர். இரண்டாவது ஸ்ப்ரே பால் போட்டுக் கொடுத்தார், கூடுதல் காசு வாங்கவில்லை.

கெக் (பீர் அடைக்கும் பீப்பாய்) கழுவும் மெஷின் மட்டும் வாங்கவில்லை. சர்விங் டேங்கிலிருந்து பீர் நேராகக் குழாய் வழியே பாருக்குப் போகிறது, இப்போதைக்கு அது தேவைப்படவில்லை. செம்பு நிறத்தைப் பொறுத்தவரை, கெட்டிலுக்கு மட்டும் மேலே ஒரு செம்புத் தகடு சுற்றினோம்.