தோளுக்கு ஊசி போடப் போகிறீர்களா? குளிசையைப் பற்றி முதலே கேளுங்கள்

கிணற்றில் வாளி இழுக்கும்போது வலது தோளில் சுரீரென்றது. அதன்பிறகு என் தலையை நானே பின்ன முடியவில்லை. ஸ்கானில், கையை உயர்த்தும் தசைநாண் பாதி கிழிந்திருப்பது தெரிந்தது.

முதலில் போட்டது ஸ்டீரொயிட் ஊசி. அன்றிரவே நித்திரை வந்தது. ஆனால் எனக்குச் சீனி வருத்தம் இருப்பது கிளினிக் கொப்பியில் எழுதியிருந்தும், ஊசிக்குப் பிறகு சீனி ஏறும் என்று ஒருவரும் சொல்லவில்லை. அடுத்த நாள் நா வறண்டு தலை சுற்றியது. குத்திப் பார்த்தால் 340. நாலு நாள் பயந்து செத்தேன். சில நாளில் தானாக இறங்கிவிடுமாம். சீனி உள்ளவர்கள் ஊசிக்கு முன்பே அதை வாய்விட்டுச் சொல்லுங்கள், ஒரு கிழமை தினமும் குத்திப் பாருங்கள்.

இரண்டு மாதத்தில் நோ திரும்பி வந்தது. ஸ்டீரொயிட் நோவை அடக்குமே தவிரக் கிழிசலை ஆற்றாது, அடிக்கடி போட்டால் தசைநாணே பலவீனமாகும் என்றார் டொக்டர். அப்புறம்தான் பி.ஆர்.பி. நம்முடைய இரத்தத்தையே எடுத்து, மெசினில் சுழற்றி, குருதிச் சிறுதட்டுகள் செறிந்த பகுதியைத் தோளில் ஏற்றுவது. எல்லாருக்கும் ஒரே மாதிரிப் பலன் தராது என்பதையும் அவர் மறைக்கவில்லை.

புதுக்குடியிருப்பில் விடிய முன் பஸ் ஏறி, பரந்தன், ஆனையிறவு தாண்டி யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தால், மிஸ்ஸி கேட்ட முதல் கேள்வி: "இந்தக் கிழமை நோவுக்கு என்ன குளிசை போட்டீங்கள், அம்மா?" டைக்ளோபெனாக், நேற்று இரவும் போட்டேன் என்றேன். சிறுதட்டுகளின் வேலையை அந்தக் குளிசை குழப்புமாம், பத்து நாள் கழித்து வரட்டாம். தொலைபேசியில் நம்பர் தந்தவர் இதை ஒரு வசனத்தில் சொல்லியிருக்கலாம். ஒரு நாளும் பஸ் காசும் போனதைவிட, நோவோடு வெறுங்கையாய்த் திரும்பியதுதான் தாங்கவில்லை. இதயத்துக்கு அஸ்பிரின் எடுப்பவர்கள் தாங்களாக நிறுத்தவே கூடாது, டொக்டரைக் கேளுங்கள்.

இரண்டாம் முறை ஸ்கானில் பார்த்தே ஊசி ஏற்றினார்கள், அரை மணித்தியாலத்தில் முடிந்தது. முதல் மூன்று நாள் முன்னரைவிட நோ, பரசிட்டமோல் மட்டும்தான். அதைக் கண்டு பயந்துவிடாதீர்கள். பிறகு பிசியோதெரபி. கை தூக்கும் பயிற்சியை ஒரு நாளும் விடவில்லை.

மூன்றாம் மாதம் ஒரு காலை நானே தலை பின்னிக்கொண்டு வெளியே வந்தேன். மகள் பார்த்து அழுதுவிட்டாள். வாளி மட்டும் இன்னும் அவள்தான் இழுக்கிறாள்.