நிலாப் படம் போட்ட ஸ்விட்ச்

ராத்திரி இரண்டேகால் மணி. தண்ணீர் குடிக்க அக்கா எழுந்தாள். கட்டிலின் தலைமாட்டில் கறுப்புக் கண்ணாடிப் பலகை ஒன்று பதித்திருந்தார்கள். அதில் சூரியன், நிலா, இலை, மூன்று கோடு என்று நான்கு படங்கள். எழுத்து ஒன்றுகூடக் கிடையாது. ராத்திரிதானே, நிலாவைத் தொட்டால் மங்கலாக ஒரு விளக்கு எரியும் என்று அவள் கணக்குப் போட்டிருக்கிறாள். தொட்டாள். விர்ரென்று சத்தம். திரைச்சீலை தானாக விலகியது. பதறிப்போய் சூரியனைத் தொட்டாள். அறை முழுக்க வெளிச்சம்.

எங்கள் ஜன்னல் தெருவைப் பார்த்ததல்ல, ஹோட்டலின் நடுக்கூடத்தைப் பார்த்தது. கீழே பாரில் அப்போதும் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். மேலே வெளிச்சத்தில் நைட்டியோடு அக்கா. அதில் ஒருவர் கோப்பையை உயர்த்தி வணக்கம் வேறு சொன்னார்.

"இதுக்குப் பேர்தான் டிசைனா?" என்றாள், போர்வையை இழுத்து மூடிக்கொண்டே.

அந்த ஹோட்டலைத் தேர்ந்தெடுத்தவள் நான். ஊர் பேரும் ஹோட்டல் பேரும் வேண்டாம். ஒரு துறைமுக நகரம், மூன்று ராத்திரி, அவ்வளவு போதும். எல்லா ஊரிலும் ஒரே மாதிரி இருக்கும் பழுப்புக் கம்பள ஹோட்டல்களில் படுத்துப் படுத்து அலுத்துவிட்டது, இந்த முறை தங்கும் இடமே ஊரின் ஒரு பகுதியாக இருக்கட்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். நூறாண்டுப் பழைய சரக்குக் கிடங்கு, செங்கல் சுவர், இரும்புத் தூண், கூரையிலிருந்து தொங்கும் பழைய கப்பி. இருபது படம் பார்த்தேன், இருபதும் மயக்கின. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பிவிட்டேன்.

யோசித்திருந்தால் அன்றைக்கே புரிந்திருக்கும். கிடங்கு சாமான் அடுக்கக் கட்டியது. சாமானுக்கு ஜன்னலும் வேண்டாம், காற்றும் வேண்டாம். அதனால் கட்டடம் அகலமாக, ஆழமாக இருக்கும். அதை ஹோட்டல் ஆக்கும்போது ஓரத்து அறைகளுக்குத்தான் வெளி ஜன்னல் கிடைக்கும். மிச்ச அறைகளுக்கு வெளிச்சம் காட்ட நடுவில் கூரைவரை ஒரு பள்ளம் வெட்டுவார்கள். அந்தப் பள்ளத்தின் அடியில் பார் போடுவார்கள், ஏனென்றால் அதுதான் படத்தில் அழகாக விழும் இடம். 'கோர்ட்யார்ட் வியூ' என்று எழுதியிருந்ததை மரமும் பெஞ்சும் போட்ட முற்றம் என்று நானாகப் படித்துக்கொண்டது என் குற்றம்தான்.

குளியலறையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அறைக்கும் குளியலறைக்கும் நடுவே தரையிலிருந்து கூரை வரை தெள்ளத் தெளிவான கண்ணாடி. பனிமூட்டம்கூடப் பூசாத கண்ணாடி. கல்யாணமான புதுசுக்கு வேண்டுமானால் சரி. ஐம்பத்தெட்டு வயது அக்காவுக்கும் ஐம்பது வயதுத் தங்கைக்கும்? மூன்று நாளும் ஒருத்தி குளிக்கும்போது இன்னொருத்தி லாபியில் போய் உட்கார்ந்தோம். அந்த லாபியில் நாற்காலிகள் எல்லாம் முட்டி மேலேயும் இடுப்பு கீழேயும் போகிற ரகம். அக்கா ஒருமுறை உட்கார்ந்துவிட்டு எழ முடியாமல் எனக்கு போன் போட்டாள். நான் அப்போது தலையில் ஷாம்புவோடு இருந்தேன்.

ஊர் என்னவோ அருமையான ஊர். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

திரும்பி வந்த பிறகு, வித்தியாசமான ஹோட்டல் ஆசையை விட்டுவிடவில்லை. பார்க்கும் விதத்தை மாற்றிக்கொண்டேன். ஒரு கட்டடம் ஹோட்டல் ஆவதற்கு முன் என்ன வேலை பார்த்தது, அந்தப் பழைய வேலையின் மிச்சம் என் அறைக்குள் எதுவாக வந்து உட்காரும்? இந்த ஒரு கேள்வியைக் கேட்டால் பாதிப் பிரச்சினை முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. உள்ளே பெயின்ட் மாற்றலாம், விளக்கு மாற்றலாம். கட்டடத்தின் பிறவிக்குணம் போகாது.

ஸ்டாக்ஹோமின் அர்லாண்டா விமான நிலையத்தில் ஒரு பழைய போயிங் 747-ஐ 2009-ல் விடுதியாக மாற்றினார்கள். 1976-ல் கட்டிய விமானம். கேட்கும்போதே சிலிர்க்கிறது, ஆனால் விமானம் என்றால் என்ன? ஒரு நீளக் குழாய். அதில் அறைகளைத் தடுத்தால் எல்லாம் பெட்டி பெட்டியாகத்தான் வரும். பெரும்பாலான அறைகளுக்குக் குளியலறை வெளியே, பொதுவில். ராத்திரி செருப்பைப் போட்டுக்கொண்டு நடைபாதையில் நடக்க வேண்டியிருந்தது. அது எனக்குப் பிரச்சினையே இல்லை, அக்காவுக்குப் பெரும் பிரச்சினை. இதே விமானக் கதைக்கு நியூயார்க்கில் வேறு முகம். ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்தில் ஈரோ சாரினென் வடிவமைத்து 1962-ல் திறந்த, டிடபிள்யூஏ என்ற விமான நிறுவனத்தின் முனையம், பறவை சிறகு விரித்தது போன்ற கட்டடம், 2019-ல் ஹோட்டல் ஆனது. அங்கே அந்தப் பழைய சிறகுக்குள் யாரும் தூங்குவதில்லை. அது லாபி. தூங்கும் அறைகள் பக்கத்தில் புதிதாக எழுப்பிய கட்டடங்களில். ஓடுபாதைச் சத்தத்தை மறிக்க நாலரை அங்குலக் கனத்தில், ஏழு அடுக்குக் கண்ணாடியால் ஜன்னல் சுவர் வைத்தார்கள். விமான நிலையத்துக்குள் ஹோட்டல் கட்டுகிறவருக்குச் சத்தம்தான் முதல் எதிரி என்று தெரிந்திருக்கிறது. நான் தங்கிய கிடங்கைப் புதுப்பித்தவருக்கு பார் சத்தம் காதில் விழவேயில்லை போலிருக்கிறது.

பாஸ்டனின் லிபர்ட்டி ஹோட்டலும் இப்படித்தான். 1851-ல் கட்டிய சிறைச்சாலை, 2007 முதல் ஹோட்டல். 'ஜெயிலில் ஒரு ராத்திரி' என்று வீராப்பாகப் போய் இறங்கினால் உங்களுக்குக் கிடைக்கும் அறை பெரும்பாலும் பக்கத்துப் புதுக் கோபுரத்தில் இருக்கும். குறை சொல்லவில்லை. படத்தில் தெரிகிற கட்டடமும் நாம் படுக்கப்போகும் கட்டடமும் ஒன்றுதானா என்று ஒரு வரி எழுதிக் கேட்டுவிடுவது நல்லது.

ஆம்ஸ்டர்டாமில் கால்வாய்ப் பாலங்களை ஏற்றி இறக்கும் காவலர்களுக்கென்று சின்னச் சின்ன வீடுகள் இருந்தன. பாலங்களை ஓரிடத்திலிருந்தே இயக்கத் தொடங்கியதும் வீடுகள் காலியாகிவிட்டன. அதில் இருபத்தெட்டு வீடுகளைத் தேர்ந்தெடுத்து, வீட்டுக்கு ஓர் அறை என்று ஊர் முழுக்கச் சிதறிய ஒரே ஹோட்டலாக ஆக்கினார்கள். என் ஆசைப் பட்டியலில் இன்றைக்கும் முதலிடம் அதற்குத்தான். ஆனால் பாலத்துக் காவலர் நாலு பக்கமும் பார்க்க வேண்டும், அதனால் அவர் வீட்டில் ஜன்னல்தான் அதிகம். பாலம் என்றால் மேலே டிராமும் சைக்கிளும், கீழே படகும். அதாவது, பார்ப்பதற்குச் சொர்க்கம். தூக்கம் லேசானவர்கள் காதில் பஞ்சோடு போக வேண்டியதுதான். அதே ஊரில் என்டிஎஸ்எம் பழைய கப்பல்கட்டும் தளத்தில் ஒரு ராட்சதக் கிரேனில் மூன்றே மூன்று அறை போட்டிருக்கிறார்கள். கிரேன் காற்றுக்குத் திரும்பும். இதை அக்காவிடம் சொன்னபோது, "நாம தூங்கும்போதுமா திரும்பும்?" என்று மட்டும் கேட்டுவிட்டு டீவி பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பழைய கட்டடம் இல்லாமல், வடிவமைப்பாளரின் கைவண்ணம் என்றே விற்கும் ஹோட்டல்கள் இன்னொரு ஜாதி. அதிலும் ஆள் பார்த்துத்தான் நம்ப வேண்டும். கோபன்ஹேகனில் ஆர்னே யாகோப்சன் 1960-ல் முடித்த எஸ்ஏஎஸ் ராயல் ஹோட்டலில் கட்டடம், நாற்காலி, விளக்கு, கத்தி, முள்கரண்டி வரை எல்லாம் அவர் வரைந்தது. உலகம் முழுக்கக் காப்பியடிக்கப்படும், முட்டை வடிவ 'எக்' நாற்காலி அந்த ஹோட்டலுக்காகப் பிறந்ததுதான். 606-ஆம் எண் அறையை மட்டும் அன்றிருந்தபடியே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். படங்களை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அந்த அறையில் ஒரு மனிதர் வந்து கோட்டைக் கழற்றி, உட்கார்ந்து, கடிதம் எழுதுவதை யாகோப்சன் மனத்தில் ஓட்டிப் பார்த்திருக்கிறார் என்பது தெரிகிறது. நியூயார்க்கில் 1984-ல் திறந்த 'மார்கன்ஸ்' ஹோட்டல்தான் 'பூட்டிக் ஹோட்டல்' (சின்னதாக, தனக்கென்று ஒரு வடிவமைப்போடு இருக்கும் ஹோட்டல்) என்ற சொல்லுக்கே வழி போட்டது என்பார்கள். ஆந்த்ரே புட்மன் என்ற பிரெஞ்சுப் பெண்மணி அதன் அறைகளை அமைத்தார். பட்ஜெட் கொஞ்சம்தான், மலிவான டைல்ஸைக் கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரங்கக் கட்டம்போல் குளியலறையில் பதித்துவிட்டார். அந்தக் கட்டம் அவருடைய கையெழுத்தாகவே ஆகிவிட்டது. பிறகு வந்தவர்களில் பலர் கட்டத்தை எடுத்துக்கொண்டு சிக்கனத்தை விட்டுவிட்டார்கள்.

புதுமை என்ற பெயரில் விபரீதமும் உண்டு. ஜப்பானில் 2015-ல் வரவேற்பு மேசை முதல் ரோபோக்களே வேலை பார்க்கும் ஹோட்டல் ஒன்று தொடங்கியது, ஹென் நா ஹோட்டல். அறைக்குள் ஒரு பேசும் பொம்மையும் உண்டு. விருந்தாளி குறட்டை விட்டால் அது தன்னிடம் ஏதோ கேட்கிறார் என்று நினைத்து, 'புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள்' என்று எழுப்பிக்கொண்டே இருந்ததாம். 2019-க்குள் பாதிக்கு மேற்பட்ட ரோபோக்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எங்கள் வீட்டுக் குறட்டைக்கு அந்தப் பொம்மை ஒரே ராத்திரியில் ராஜினாமா செய்திருக்கும்.

இப்போதெல்லாம் நான் ஹோட்டல் போட்ட படங்களை ஒதுக்கிவிட்டு, தங்கியவர்கள் எடுத்த படங்களைப் பார்க்கிறேன். கோணல் மாணலாக, வெளிச்சமில்லாமல், கட்டில்மேல் பெட்டி திறந்து கிடக்கும் படங்கள். பெட்டி கட்டில்மேல் இருந்தால் தரையில் இடமில்லை என்று அர்த்தம். அறையின் பெயரை நம்புவதில்லை, சதுர மீட்டரைப் பார்க்கிறேன். 'கோஸி', 'ஸ்நக்' என்றெல்லாம் கொஞ்சிக் கூப்பிட்டால் சின்ன அறை. பதினான்கு சதுர மீட்டர் என்றால் நூற்றைம்பது சதுர அடி. அதில் இரண்டு பேர், இரண்டு பெட்டி என்றால் ஒருவர் நடக்க இன்னொருவர் கட்டிலில் ஏற வேண்டும். விமர்சனங்களில் நட்சத்திரத்தை விட்டுவிட்டு 'சத்தம்', 'இருட்டு', 'கண்ணாடி' என்ற சொற்களைத் தேடுகிறேன். முடிவு செய்வதற்கு முன் ஹோட்டலுக்கு இரண்டே கேள்வி எழுதுவேன்: ஜன்னல் எதைப் பார்க்கிறது, குளியலறைக்குக் கதவு உண்டா. இரண்டாவது கேள்விக்கு இரண்டு ஹோட்டல்கள் சுற்றி வளைத்துப் பதில் எழுதின. இரண்டையும் விட்டுவிட்டேன்.

இந்தக் கேள்விகளோடுதான் போன ஜூனில் பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கி போனோம். தங்கியது ஜெயிலில்.

கத்தயனோக்கா சிறையின் மிகப் பழைய பகுதி 1837-ல் கட்டியது. 2002-ல் கைதிகளை வேறிடம் மாற்றி மூடினார்கள், 2007-ல் ஹோட்டலாகத் திறந்தார்கள். சுற்றிலும் அந்தச் செங்கல் மதில் இன்னும் நிற்கிறது. நடுவில் நீளக் கூடம், இருபுறமும் மாடி மாடியாக இரும்புக் கைப்பிடி போட்ட நடைபாதை, வரிசையாகக் கதவுகள். ஓர் அறையில் கைதி ஒருவர் படுத்த இடம் இன்றைக்கு யாருக்கும் போதாது என்பதால், இரண்டு மூன்று செல்களின் நடுச்சுவரை உடைத்து ஓர் அறையாக்கியிருக்கிறார்கள். எங்கள் அறையில் இரண்டு சின்ன ஜன்னல்கள், இரண்டும் உயரத்தில். சுவரின் கனம் என் முழங்கை நீளத்துக்கு இருந்தது, அளந்தே பார்த்தேன்.

ஜூனில் ஹெல்சிங்கியில் ராத்திரி பத்தே முக்கால் தாண்டித்தான் சூரியன் மறைகிறது, நான்கு மணிக்கெல்லாம் எழுந்துவிடுகிறது. நடுவிலும் முழு இருட்டு கிடையாது. ஊரே தூக்கம் வராமல் துறைமுக ஓரம் நடந்துகொண்டிருந்தது. பதினொன்றரை மணிக்கு உஸ்பென்ஸ்கி தேவாலயத்தின் தங்கக் குமிழ்கள் அப்போதும் மங்காமல் தெரிந்தன. நாங்கள் போய் ஜெயிலில் படுத்தோம். ஒருத்தரும் தப்பிக்கக் கூடாது என்று கட்டிய சுவர், சத்தத்தையும் உள்ளே விடவில்லை. எட்டிப் பார்க்க முடியாத ஜன்னலுக்குத் திரை போட்டால் கும்மிருட்டு. குளியலறைக்குக் கதவு இருந்தது. தாழ்ப்பாளும் இருந்தது. அக்கா இரண்டு முறை போட்டுத் திறந்து பார்த்தாள்.

மறுநாள் ஒன்பதரைக்கு நான் தட்டி எழுப்பும் வரை அவள் அசையவில்லை. இரண்டு ராத்திரியும் அப்படியே. மூன்றாம் நாள் காலை பெட்டி கட்டும்போது, "ரிசப்ஷன்ல கேளு, தண்டனையை இன்னொரு நாள் கூட்டுவாங்களான்னு" என்றாள்.

கேட்டேன். அறை வேறொருவருக்குப் போய்விட்டது. கடைசி ராத்திரிக்கு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், எல்லா ஊரிலும் இருக்கும் அதே பழுப்புக் கம்பள ஹோட்டல் ஒன்றில் போய் விழுந்தோம். கட்டில் பக்கத்தில் ஒரே ஒரு வெள்ளை ஸ்விட்ச். அக்கா சந்தேகமாக அதைப் பார்த்துவிட்டு, திரைச்சீலையை ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் அழுத்தினாள். விளக்கு அணைந்தது.