ஐந்தாம் சிம்பொனி: தகிடவா, தகதிமியா?

ஒரே இசையை நான்கு பதிவுகளில் ஒப்பிட்டுக் கேட்கும் இந்த வேலையை ஆடி மாதத்தில் தொடங்கியிருக்கக் கூடாது. தெருமுனை அம்மன் கோயில் குழாய் ஸ்பீக்கர் ராத்திரி பத்து மணிக்குத்தான் அடங்கும். மதுரையில் இருந்துகொண்டு அதைக் குறை சொல்லவும் முடியாது. பத்துக்கு மேல் ஹெட்போன், ஒரு நோட்டு, போனில் ஸ்டாப்வாட்ச். பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி, அதிலும் முதல் பகுதி மட்டும். ஃபுர்ட்வெங்லர் 1947, கிளெம்பரர் 1959, கார்லோஸ் கிளைபர் 1974, கார்டினர் 1994 என்று நான்கு கண்டக்டர்கள் நடத்திய நான்கு பதிவுகள்.

முதல் வாரம் வெறும் நிமிடக் கணக்கில் போனது. இந்தப் பகுதிக்கு பீத்தோவன் குறித்த வேகம் நிமிடத்துக்கு 108 பார். (பார் என்றால் நம் ஆவர்த்தனம் மாதிரி, தாளத்தின் ஒரு சுற்று.) மொத்தம் 502 பார். முதல் 124-ஐ இரண்டு தடவை வாசிக்க வேண்டும். 626-ஐ 108-ஆல் வகுத்தால் ஆறு நிமிடத்துக்கும் கொஞ்சம் குறைவு. நடுவில் நீட்டி நிறுத்தும் இடங்கள் தனி. அந்தக் காலத்து வாத்தியங்களோடு வாசிக்கும் கார்டினர்தான் இதற்குப் பக்கத்தில் வருகிறார். கிளைபர் ஏழைத் தாண்டுகிறார். கிளெம்பரர் ஒன்பதை எட்டிப் பார்க்கிறார். தேர் நிலைக்கு வருகிற மாதிரி, அவசரமே இல்லை.

இரண்டாம் வாரம் பக்கத்து வீட்டு மாமாவைக் கூப்பிட்டேன். மிருதங்கம் சொல்லிக் கொடுப்பவர். எல்லோருக்கும் தெரிந்த அந்த நான்கு ஸ்வரங்களை நான் இத்தனை வருஷமாக "தகிட தாம்" என்றே கேட்டிருந்தேன். அவர் இரண்டு தடவை தொடையில் தட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது திஸ்ரம் இல்லப்பா, மூணு எண்ணிக்கை இல்ல, நாலு. சமத்துல, அதான் தாளம் விழற முதல் இடத்துல, சும்மா இருக்கான். த-வை முழுங்கிட்டு கதிமி-ன்னு எடுக்கிறான்" என்றார்.

ஸ்கோரை, அதாவது இசையைக் குறிகளில் எழுதிவைத்த புத்தகத்தை, எடுத்துப் பார்த்தேன். முதல் குறியே மௌனம்தான்! சிம்பொனி ஓசையில் தொடங்கவில்லை. கால் பார் சும்மா இருந்துவிட்டுத்தான் எடுக்கிறது. தாளம் விழுந்த பிறகு பாட்டை எடுக்கும் நம்மூர் அனாகத எடுப்பேதான்.

அப்புறம் நான்கையும் திரும்பக் கேட்டேன், அந்த விழுங்கிய 'த' யாரிடம் கேட்கிறது என்று. கிளைபரிடம் அது தெளிவாக இருக்கிறது. பின்னாலிருந்து யாரோ பிடித்துத் தள்ளிய மாதிரி மூன்று ஸ்வரமும் விழுகின்றன. ஃபுர்ட்வெங்லரிடம் கனம் அதிகம், எனக்கு மறுபடி தகிடவாகவே ஒலித்தது. ஆனால் நீட்டல்களில் அவரை விட்டால் ஆளில்லை. முதல் நீட்டலை விட இரண்டாவதற்கு ஒரு பார் கூடுதலாக எழுதியிருக்கிறது. அவர் நிறுத்தும்போது அடுத்தது வருமா வராதா என்றே சந்தேகம் வந்துவிடுகிறது.

நேற்று 268-ஆம் பாரில் மாட்டிக்கொண்டோம். மொத்த ஆர்கெஸ்ட்ராவும் ஓய்ந்து, ஒரே ஒரு ஓபோ மட்டும் தாளத்தை விட்டு மெதுவாக இழைகிற இடம். தட்டப்போன மாமாவின் கை அந்தரத்திலேயே நின்றது.

"யாருப்பா இது, நாயனமா?"

"ஓபோ மாமா. அதுக்கும் சீவாளிதான்."

"அந்த இடத்தை மட்டும் நாலு பேர்கிட்டயும் போடு" என்றார். மூன்றாவது ஆளிடம் வந்தபோது கரண்ட் போய்விட்டது.