ஆர்ச் கேட்டுக்கு வெளியே

மே 4, 2025, ஞாயிறு

கத்திரி வெயில் இன்று தொடங்குகிறது. விடுப்பு எடுத்துக்கொண்டு நெய்வேலிக்கு வந்துவிட்டேன். இந்த மாதம் 31-ஆம் தேதி அப்பாவுக்கு என்.எல்.சி. நிலக்கரிச் சுரங்க வேலையிலிருந்து பணி ஓய்வு. இந்த ஊரில் ஓய்வு பெற்றவர் குவார்ட்டர்ஸ் சாவியையும் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். வட்டம் வட்டமாகப் பிரித்து, வேப்பமரமும் புங்கமரமும் நட்டு வளர்த்த இத்தனை பெரிய நகரியத்தில் யாருக்கும் தாத்தா வீடு கிடையாது. பள்ளியில் "சொந்த ஊர் எது?" என்று கேட்டால் ஒரு வகுப்பே பத்து மாவட்டங்களைச் சொல்லும். நெய்வேலி என்று ஒருவரும் சொன்னதில்லை.

நாங்கள் போவது வடக்குத்துக்கு. நகரியத்தின் நுழைவாயிலான ஆர்ச் கேட்டைத் தாண்டினால் சிறிது தூரம்தான். அம்மாவோ அந்தமானுக்கு அனுப்புவதுபோல் புலம்புகிறார்.

மே 7, புதன்

ஷோகேஸை ஒழித்தேன். பரிசுக் கோப்பைகளுக்குப் பின்னால் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், அதில் பாதிக்குப் பழுப்புத் தூள். நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது அப்பா சுரங்கத்திலிருந்து கொண்டுவந்து காட்டிய பழுப்பு நிலக்கரித் துண்டு அது. அன்று கையில் வாங்கியபோது ஈரமாக, கனமாக இருந்தது. உற்றுப் பார்த்தால் மரத்தின் வரிகள் தெரிந்தன. நகத்தால் கீறினால் பழுப்பாகக் கோடு விழுந்தது. வெட்டியெடுக்கும்போது இந்தக் கரியின் எடையில் கிட்டத்தட்டப் பாதி தண்ணீர்தான். காய்ந்தால் வெடிக்கும், உதிரும். குவித்து வைத்தால் தானாகவே தீப்பற்றிக்கொள்ளும். அதனால்தான் தொலைதூரம் அனுப்பாமல், சுரங்கத்துக்குப் பக்கத்திலேயே அனல் மின் நிலையத்தைக் கட்டி அங்கேயே எரிக்கிறார்கள்.

பாட்டிலை எறியலாமா என்று கேட்டதற்கு அப்பா பதிலே சொல்லவில்லை. "எடுத்து வை" என்று அர்த்தம்.

கொல்லைப்புறத்தில் பழைய லெகோ அடுப்பும் கிடைத்தது. பழுப்பு நிலக்கரியைக் கட்டிகளாக்கிக் கார்பனேற்றி விற்ற எரிபொருள்தான் லெகோ. எரிவாயு உருளைக்குக் காத்திருந்த காலத்தில் தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் அதில்தான் சோறு வெந்தது. பற்றவைப்பதற்குள் பொறுமை போய்விடும், பற்றிக்கொண்டால் லேசில் அணையாது என்கிறார் அம்மா. அந்த ஆலையை மூடிப் பல வருடங்கள் ஆகின்றன. அடுப்பும் துருப்பிடித்துவிட்டது. காயலான் கடைக்குப் போகட்டும்.

மே 11, ஞாயிறு

மந்தாரக்குப்பத்தில் டீ குடிக்கும்போது பக்கத்தில் இருந்த பெரியவர் பேச்சுக் கொடுத்தார். சிறுவயதில் அவர் வீட்டுக் கிணற்றை நினைவுகூர்ந்தார். குழாய் இறக்கினால் போதுமாம், மோட்டார் இல்லாமலே தண்ணீர் பொங்கி வழியுமாம். நம்பக்கூடியதுதான். கரிப்படுகைக்குக் கீழே அழுத்தத்தில் அடைபட்ட நீர் இருக்கிறது. ஊரின் வரலாறே ஒரு விதத்தில் கிணற்றில் தொடங்கியதுதான். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தண்ணீருக்காகத் தோண்டியபோது கறுப்பாக ஏதோ வெளிவந்தது. அதை அப்படியே விடாமல் அதிகாரிகளின் கவனத்துக்குக் கொண்டுபோனார். இன்று ஊரில் அவருக்குச் சிலை இருக்கிறது.

அந்த நீரை வைத்துக்கொண்டு எப்படித் தோண்டுவது என்பதுதான் தொடக்கத்தில் பெரிய தலைவலி. சும்மா விட்டால் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு மேலே வந்துவிடும். அதனால் சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள் அமைத்து, இரவு பகலாக இறைத்து, அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கரி எடுக்காத நாள் இருக்கலாம், நீர் இறைக்காத நாள் இருக்க முடியாது.

பெரியவரின் கிணறு இருந்த இடம் இப்போது எங்கே என்று கேட்டேன். கையை மேலே தூக்கிக் காற்றில் காட்டினார். அந்த நிலமே இப்போது பள்ளம்.

மே 15, வியாழன்

இரவு முழுக்க அப்பா பேசிக்கொண்டிருந்தார். வழக்கமாக மூன்று வாக்கியத்தைத் தாண்டாதவர். பேச்செல்லாம் பக்கெட் வீல் பற்றித்தான். ஜெர்மனியிலிருந்து வந்த இயந்திரம். ராட்டினம்போல் ஒரு பெரிய சக்கரம், அதைச் சுற்றி வாளிகள். பெரிய இயந்திரத்தில் ஒரு வாளி 1400 லிட்டர் பிடிக்கும். கரி 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. அதுவரை இருக்கும் மேல்மண்ணை அடுக்கடுக்காகச் சீவி, கன்வேயரில் ஏற்றி, கரி எடுத்து முடித்த பக்கத்தில் கொட்டிக்கொண்டே முன்னே நகர வேண்டும். ஒரு பக்கம் தோண்டு, ஒரு பக்கம் மூடு. அப்படிப் பார்த்தால் இந்தச் சுரங்கம் ஓரிடத்தில் நிற்பதே இல்லை, ஊர்ந்துகொண்டே போகும் பள்ளம்.

மழைக்காலத்து நைட் ஷிப்டுதான் கொடுமை என்றார். களிமண் வாளியில் ஒட்டிக்கொண்டு விழாது. ஆட்கள் இறங்கிச் சுரண்டுவார்கள். அப்பாவின் இடது காது சரியாகக் கேட்காததற்கு அவர் சொல்லும் காரணம் வயது. எனக்கு அதில் சந்தேகம் உண்டு.

மே 20, செவ்வாய்

1957-இல் இதே நாளில்தான் நேரு வந்து சுரங்க வெட்டுப் பணியைத் தொடங்கி வைத்தார். என்.எல்.சி. நிறுவனம் அதற்கு முந்தைய நவம்பரில் பிறந்தது. கரி கண்ணில் பட்டது 1961 ஆகஸ்டில். நான்கு ஆண்டுகள் வெறும் மண்ணையே தோண்டியிருக்கிறார்கள்! சோவியத் உதவியோடு கட்டிய முதல் அனல் மின் நிலையம் 1962-இல் மின்சாரம் தரத் தொடங்கி, 2020-இல் ஓய்வு பெற்றது. அப்பாவைவிட மூத்தது.

ஊர்ந்துபோகும் பள்ளத்துக்கு முன்னால் எப்போதும் ஒரு கிராமம் இருக்கும். டவுன்ஷிப் பிள்ளைகளான எங்களுக்கு அது தாமதமாகத்தான் உறைத்தது. 2023 ஜூலையில் வளையமாதேவி கிராமத்தில் என்.எல்.சி.யின் கால்வாய்க்காகப் பச்சை நெற்பயிருக்குள் மண்வெட்டி இயந்திரங்கள் இறங்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, அப்பா சேனலை மாற்றவும் இல்லை, ஒரு வார்த்தை பேசவும் இல்லை. அந்த நிலம் முன்பே கையகப்படுத்தியது என்பது ஒரு தரப்பு. கதிர் வரும் பயிருக்குச் சில வாரம் பொறுத்தால் என்ன என்பது இன்னொரு தரப்பு. எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. நிலம் கொடுத்தவர்கள் நிரந்தர வேலை கேட்டு இன்னும் போராடுகிறார்கள். மாதச் சம்பளமும் மருத்துவமனையும் பள்ளியும் கிடைத்த வீட்டில் வளர்ந்துவிட்டு, எனக்கும் ஊர் இல்லை என்று அவர்களோடு சேர்ந்து நின்றுகொள்வது அபத்தம். முதல் நாள் எழுதியதைப் படித்தேன், கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

மே 31, சனி

மாலை, சால்வை, போட்டோ. வீட்டுக்கு வந்ததும் அப்பா ஹெல்மெட் தொங்கும் ஆணியில் சால்வையை மாட்டிவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

ஜூன் 9, திங்கள்

சாமானெல்லாம் போய்விட்டது. மின்விசிறி, குழாய், கதவுத் தாழ்ப்பாள் எல்லாவற்றையும் ஒருவர் வந்து எண்ணிக் குறித்துக்கொண்டார். பலாமரம் அவர் பட்டியலில் இல்லை.

அதை நட்டது அம்மா. பண்ருட்டியில் வாங்கிய பழத்தின் கொட்டை. இந்த வருடம் ஐந்து காய்கள். அடுத்து வருகிறவர்கள் தின்னட்டும் என்று அப்பா பெருந்தன்மை காட்டினார். அம்மா அரிவாளை எடுத்துவந்தார். பழுத்தால் அவர்களுக்கு, காயாக இருக்கும்வரை நமக்கு என்பது அவர் கட்சி. கொஞ்ச நேரம் வாக்குவாதம். கடைசியில் அப்பாவே அரிவாளை வாங்கிக்கொண்டு மூன்றை வெட்டினார். மீதி இரண்டுக்கும் அணில் கடிக்காமல் பழைய சாக்கைச் சுற்றி, தேங்காய்நார்க் கயிற்றால் கட்டினார்.

கை முழுக்கப் பால் பிசின். துடைக்க எண்ணெய் தேடினால், எண்ணெய்ப் பாட்டில் முதல் லாரியிலேயே போயிருந்தது.

ஆட்டோவில் என் மடியில் ஒரு பலாக்காய், அம்மா மடியில் ஒன்று. மூன்றாவது காலடியில் உருண்டுகொண்டே வந்தது. அப்பா பிசின் கையோடு ஹார்லிக்ஸ் பாட்டிலைப் பிடித்திருந்தார். ஆர்ச் கேட் தாண்டும்போது அது உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டுவிட்டதாகச் சொன்னார்.